பந்தாட்டத்திலும் பிறவிப் புரட்டா?

பகுத்தறிவுப் பிரசாரம் செய்கிற பத்திரிகையில் கால்பந்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் நம்மைக் கேட்கக் கூடும். ஜாதியைப் பற்றி எழுது, சாமியைப் பற்றி எழுது, சடங்கைப் பற்றி எழுது, பெண்ணடிமையைப் பற்றி எழுது. பிள்ளைகள் வெயிலில் உதைத்து விளையாடுகிற ஒரு பந்தைப் பற்றி எழுதி என்ன ஆகப் போகிறது என்று சொல்லக் கூடும். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் என்னவென்றால், மேலே சொன்ன நான்கும் நம் ஊர்ப் பந்து மைதானத்துக்குள் புகாமல் இருந்தால் நாமும் எழுத வேண்டிய அவசியமில்லை என்பதுதான். அவை கோல் கம்பத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கொண்டிருக்கும்போது, நாம் மாத்திரம் மேடையில் நின்று பேசிக் கொண்டிருப்பதால் என்ன பயன்?

சில காலத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, உளுந்தூர்பேட்டைக்கு அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த கால்பந்துப் பந்தயத்துக்கு வாலிபர்கள் அழைத்ததன் பேரில் நாம் போயிருந்தோம். கடைசி ஆட்டம் மாலை நாலரை மணிக்கு என்று நோட்டீசில் அச்சிட்டிருந்தார்கள். நாலரைக்கு இரண்டு அணியாரும் உடுப்புப் போட்டுக் கொண்டு தயாராய் நின்றார்கள். நடுவரும் ஊதலை வாயில் வைத்து விட்டார். அந்தச் சமயத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். கோப்பை ஆட்டத்தை ராகு காலத்திலா ஆரம்பிப்பது?” என்றார். அதுவும் சரிதான் என்று எல்லோரும் உட்கார்ந்து விட்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஒலிபெருக்கி பாடிற்று. ஆறு மணிக்கு மேல் கோல் கம்பத்தில் எலுமிச்சம்பழம் கட்டி, பந்துக்குக் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். அரை மணியில் இருட்டி விட்டது. பந்து எது, தலை எது என்று தெரியவில்லை. பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? பூவா தலையா போட்டுக் கோப்பையைக் கொடுத்தார்கள்! ராகு விழுங்கி விடுவான் என்று பயந்து, இருந்த வெளிச்சத்தைத் தாங்களே விழுங்கிவிட்டு, கால் ஜெயிக்க வேண்டிய இடத்தில் காசைச் சுண்டி விட்டார்கள்.

இது சிரிக்கத்தக்க விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் அன்று பார்த்தோம். கோட்டுக்கு வெளியே, முள் வேலி ஓரத்தில் ஒரு பையன் நின்று கொண்டிருந்தான். பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது. வெறுங்கால். வெளியே போகிற பந்தை எடுத்துக் கொண்டு வந்து போடுவது அவன் வேலை. ஒரு தரம் பந்து வெகு தூரம் ஏரிக்கரைப் பக்கம் உருண்டு போய் விட்டது. அவன் அங்கு ஓடி, எடுத்து வராமல், நின்ற இடத்திலிருந்தே ஓர் உதை உதைத்தான். அது நேரே வந்து நடு வட்டத்தில் விழுந்தது. நமக்குப் பக்கத்தில் இருந்தவர், “அதெல்லாம் பிறவியிலேயே வரணுங்க. நம்ம பிள்ளைகளுக்கு அந்தக் கால் கொடுத்து வைக்கலை” என்றார். “அப்படியானால் அவனை ஏன் டீமில் சேர்த்துப் பழக்கவில்லை?” என்று கேட்டோம். அவர் குரலைத் தாழ்த்திக் கொண்டு, “அவன் காலனிப் பையனுங்க” என்றார்.

தோழர்களே! இந்த இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திறமை பிறவியினால் வந்தது என்பது முதல் பதில். பிறவியினால் அவனுக்கு இடமில்லை என்பது இரண்டாவது பதில். இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தன. நம் ஊர்களில் நல்ல கால்பந்துச் சங்கம் ஏன் உண்டாகவில்லை என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. இந்த இரண்டு வாக்கியத்திலேயே காரணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

“பிறவித் திறமை” என்னும் பூணூல்

படிப்பு ஒரு ஜாதிக்குத்தான் வரும், யுத்தம் ஒரு ஜாதிக்குத்தான் வரும், வியாபாரம் ஒரு ஜாதிக்குத்தான் வரும், மற்றவனுக்கு மண் வெட்டத்தான் வரும் என்று சொன்னதற்குப் பெயர் வருணாசிரமம். அதைச் சொன்னவன் ஒரு காரியத்தையும் மறக்காமல் செய்தான். மண் வெட்டுகிறவன் காதில் எழுத்து விழாமல் பார்த்துக் கொண்டான். பல தலைமுறை எழுத்தை மறைத்து வைத்துவிட்டு, “பார், அவனுக்குப் படிப்பு வரவில்லை” என்று காட்டினான். பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்து ஒரு நூறு வருஷம் ஆவதற்குள் அந்தப் பொய் உடைந்து போயிற்று. சேரியில் பிறந்தவர்கள் டாக்டராகவும், என்ஜினீயராகவும், நீதிபதியாகவும் உட்கார்ந்திருப்பதை யாரும் இன்று கண்ணால் பார்க்கலாம்.

அப்படி உடைந்து போன பொய்தான் இன்று பனியன் மாற்றிக் கொண்டு பந்து மைதானத்தில் நிற்கிறது. “மெஸ்ஸி பிறவிக் கலைஞன்”, “பிரேசில்காரன் ரத்தத்தில் பந்து ஓடுகிறது”, “நம் உடம்புக்கு அது வராது” என்று பேசுகிறவர்களை நாம் தினந்தோறும் காண்கிறோம். மெஸ்ஸி பதின்மூன்று வயதில் பார்சிலோனாவுக்குப் போய், அங்குள்ள பயிற்சிக் கூடத்தில் தினம் பழகி, வளர்ச்சிக் குறைவுக்கு ஊசி போட்டுக் கொண்டு வளர்ந்தவர் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் பிள்ளைகளில் யாரிடம் என்ன இருக்கிறது என்பதை ஆயிரம் பேர் காலுக்கும் பந்தைக் கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? பத்துப் பேருக்கு மாத்திரம் கொடுத்து விட்டு, மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேருக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று சொன்னால், கொடுக்காதவன் யார்? கடவுளா, நாமா?

விளையாட்டில் இந்தப் பிறவிப் புரட்டு என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சாட்சி ஒன்று உண்டு. தீண்டப்படாதவர் என்று சொல்லப்பட்ட வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலு என்பவர் புனாவில் மைதானத்து வேலைக்காரராய் இருந்து, வெள்ளைக்காரர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட்டுப் போட்டே பெரிய கிரிக்கெட் பந்து வீச்சாளர் ஆனார். 1911-ஆம் வருஷம் இங்கிலாந்துக்குப் போன அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பந்து போடும் போது அவர் கை தொட்ட பந்தைத் தொடுவதற்கு மேல்ஜாதிக்காரருக்குத் தடையில்லை. ஆனால் தேநீர் வேளையில் அவருக்கு வெளியே, தனியாக, மண் குவளையில் ஊற்றினார்கள். இந்து அணிக்கு அவரைத் தலைவராக்கவே இல்லை. 1923-இல்தான் அவர் தம்பி விட்டலுக்கு அந்த ஸ்தானம் கிடைத்தது. பந்துக்குத் தீட்டு இல்லையாம், குவளைக்குத்தான் தீட்டாம்! இந்த யோக்கியதையை என்னவென்று சொல்வது?

நூறு வருஷத்துக்கு முந்திய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஏற்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் பிள்ளைகள் ஜாதிக்கு ஒரு வர்ணமாகக் கையில் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024-இல் அறிக்கை கொடுத்தது. ஜாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்க வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானித்த இயக்கத்தின் நாட்டில், இன்று சில வாலிபர்கள் விளையாட்டுப் பனியனின் முதுகில் ஜாதிப் பட்டத்தை அச்சடித்துக் கொண்டு ஓடுகிறார்கள். இதற்குப் பார்ப்பானை மாத்திரம் குறை சொல்லி நாம் தப்பித்துக் கொள்ள முடியாது. அந்தக் கிராமத்து மைதானத்தில் அன்று ஒரு பார்ப்பனரும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பையனை நிறுத்தியவர்கள் நம்மவர்களேதான்.

நம் ஊர்ச் சங்கங்களின் லட்சணம்

நிற்க, நம் பக்கத்தில் “கால்பந்துக் கழகம்” என்று எதைச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிப்போம். பத்துப் பதினைந்து பெரிய வாலிபர்கள் சேருகிறார்கள். ஒரு பிரமுகரைப் பிடித்துப் பனியன் வாங்குகிறார்கள். பனியனில் பிரமுகர் படம், பேனரில் சினிமாக்காரர் படம், நோட்டீசில் சாமி படம். வருஷத்துக்கு ஒரு தரம் திருவிழாவை ஒட்டி ஒரு பந்தயம். அதில் ஜெயிப்பதற்காக வெளியூரிலிருந்து நாலைந்து பேரைக் காசு கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். கோப்பை வந்ததும் ஊர்வலம். மறுநாள் பந்து பரண் மேல் ஏறி விடும். அடுத்த திருவிழா வரைக்கும் கழகமும் இல்லை, கால்பந்தும் இல்லை.

இதில் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? பந்து பொறுக்கும் வேலை கிடைத்தது. கூலிக்கு ஆள் பிடித்து வாங்கின கோப்பை, கூலிக்கு ஆள் வைத்து அழுகிற ஒப்பாரிக்குச் சமானம். சத்தம் பெரிதாயிருக்கும், துக்கம் யாருக்கும் இராது.

அன்றியும், பந்தயம் நடத்துகிற முறையே பிள்ளைகளை வளர்க்கிற முறை அல்ல. பதினாறு அணிகள் வந்து, தோற்றவர் வெளியேற வேண்டும் என்று வைத்தால், எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய் விடுகின்றன. மொத்தம் நடப்பது பதினைந்து ஆட்டம். அதிகம் ஆடுவது யார்? ஏற்கெனவே நன்றாக ஆடுகிற அணி. பழக வேண்டியவன் வீட்டுக்கு, பழகியவன் மைதானத்துக்கு! இது படித்தவன் பிள்ளைக்கே பள்ளிக்கூடம் என்கிற கதைதான். இதற்குப் பதிலாக உளுந்தூர்பேட்டை, எலவனாசூர்கோட்டை, திருநாவலூர், பரிக்கல், ஆசனூர், களமருதூர், இன்னும் இரண்டு ஊர் என்று எட்டு ஊர்ச் சிறுவர் அணிகள் சேர்ந்து, ஒவ்வொருவரும் எல்லோருடனும் ஒரு தரம் ஆடுவது என்று வைத்தால், ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டம், மொத்தம் இருபத்தெட்டு ஆட்டம் ஆகும். தன் ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்று வைத்தால் ஆளுக்குப் பதினாலு. தோற்றவனும் அடுத்த வாரம் ஆடுவான். தோற்றவன் மறுபடி ஆடினால்தான் தோற்காமல் இருக்கக் கற்றுக் கொள்வான். இதற்கு வேண்டியது பணமல்ல, தேதி போட்ட ஒரு காகிதம்.

பிள்ளைகளை ஆக்கினவர்கள்

இதெல்லாம் பேச்சுக்கு நன்றாயிருக்கும், காரியத்தில் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு நாம் தூர தேசத்தை முதலில் காட்டப் போவதில்லை. உளுந்தூர்பேட்டை, 1993-இல் விழுப்புரம் ஜில்லா பிரியும் வரையில், தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. அதன் தலைநகரம் கடலூர். நம் பெரியவர்கள் கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் போய் வந்த ஊர். அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்து கடலூர்க் கரையை அடித்துக் கொண்டு போயிற்று. கடவுள் செயல் என்றார்கள் சிலர். முன் ஜன்மத்துப் பாவம் என்றார்கள் சிலர். அப்படிச் சொன்னவர்கள் சொல்லி விட்டுப் போய் விட்டார்கள். மாரியப்பன் என்கிற கால்பந்துப் பயிற்சியாளர், தாய் தகப்பனை இழந்த பெண் பிள்ளைகளையும் ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளையும் சேர்த்துப் பந்து பழக்கினார். படிப்பும் பந்துமாக வளர்ந்த அந்த ஸ்தாபனம், இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்ற பெயரில், இந்தியப் பெண்கள் லீக் பந்தயத்தில் தேசத்துப் பெரிய அணிகளோடு ஆடிற்று. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியில், பல தடவை ஜெயித்து வந்த மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்துத் தமிழ்நாடு முதல் தடவையாகக் கோப்பையை வாங்கிற்று. அந்த அணியில் கடலூர்ப் பெண்கள் முக்கியமானவர்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடியவர், தமிழ்நாடு போலீசில் சப் இன்ஸ்பெக்டர்.

இப்போது சொல்லுங்கள். இந்தப் பெண்களுக்குப் பிறவியில் என்ன கொடுத்து வைத்திருந்தது? சாஸ்திரப்படி பார்த்தால் பெண்ணாய்ப் பிறந்தது ஒரு பாவம், ஏழையாய்ப் பிறந்தது ஒரு பாவம், தாய் தகப்பனை இழந்தது மூன்றாவது பாவம். ஜோசியர் இவர்கள் ஜாதகத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஜாதகம் பார்க்காமல் பந்தைக் கொடுத்த ஒருவரால் அல்லவா இந்தக் காரியம் ஆயிற்று?

சென்னை வியாசர்பாடியைப் பாருங்கள். ரவுடிகள் ஊர் என்று சினிமாவும் பத்திரிகையும் பெயர் வைத்த இடம். அங்கே உமாபதி, தங்கராஜ் என்கிற இருவர், பள்ளியை விட்டு நின்ற குடிசைப் பிள்ளைகளை 1990-களின் பிற்பகுதியிலிருந்து கால்பந்துக்குக் கூட்டி வந்து, அதன் வழியாகவே பள்ளிக்குத் திரும்ப அனுப்பினார்கள். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் இந்திய அணியின் பனியன் போட்டார். ரவுடி பிறக்கிறான் என்பது எவ்வளவு பொய்யோ, ஆட்டக்காரன் பிறக்கிறான் என்பதும் அவ்வளவு பொய். இரண்டு பேரும் ஆக்கப்படுகிறவர்களே. எதை ஆக்குவது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

ஐஸ்லாந்தும் கருணாபுரமும்

வெளி தேசத்து உதாரணம் ஒன்றும் சொல்லுவோம். ஐஸ்லாந்து என்று வட துருவ வட்டத்தை ஒட்டி ஒரு தீவு. ஜனத்தொகை நாலு லட்சத்துக்கும் குறைவு. நம் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் அதைப் போல் மூன்று பங்கு ஜனங்கள் உண்டு. அந்தத் தீவின் அணி 2016-இல் ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்தது. 2018-இல் உலகக் கோப்பைக்குப் போய் அர்ஜென்டினாவோடு சரிசமமாக ஆடிற்று. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்த ஹெய்மிர் ஹால்கிரிம்சன் என்பவர் பல் டாக்டர். நம் தேசத்திலோ நூற்று நாற்பது கோடி ஜனங்கள். நம் ஆண்கள் அணி உலகக் கோப்பைப் பந்தயத்தில் இதுவரை ஓர் ஆட்டம் கூட ஆடியதில்லை.

ஐஸ்லாந்துக்காரன் ரத்தத்தில் பந்து ஓடிற்றா? பனி ஓடிற்று. வருஷத்தில் பாதி நாள் வெளியே ஆட முடியாத அந்த ஊரில், கூரை போட்ட மைதானங்களைப் பொதுப் பணத்தில் கட்டினார்கள். ஊருக்கு ஊர் உள்ள சங்கங்களில் சிறு பிள்ளைகளுக்குக் கூட, முறைப்படி படித்துச் சான்றிதழ் வாங்கிய பயிற்சியாளர்களை வைத்தார்கள். பெரியவர்களுக்கு நல்ல வாத்தியார், சிறியவர்களுக்கு ஏதோ ஒருவர் என்று வைக்கவில்லை.

இதை விட முக்கியமானது வேறொன்று. 1998-இல் அந்தத் தேசத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், கேள்வி கேட்ட மாதத்துக்கு முந்திய மாதத்தில் குடித்து வெறித்தவர்களாக இருந்தார்கள். 2016-இல் அது நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது. பந்து ஒன்றினால் மாத்திரம் இது ஆகிவிடவில்லை. பிள்ளைகள் இரவில் சுற்றாதபடி சட்டம் போட்டார்கள். பெற்றோர் கூடிப் பேசிக் கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். ஆனால், “குடிக்காதே” என்று உபதேசம் மாத்திரம் செய்யாமல், குடிக்கப் போகிற நேரத்துக்கு வேறு வேலையாக விளையாட்டையும் இசையையும், பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் எட்டும்படி, பொதுப் பணத்தில் ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

நம் ஜில்லாவில் என்ன நடந்தது? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தத் தெருக்களில் அப்பனை இழந்த பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாம் எதைக் காட்டியிருக்கிறோம்? கோயிலைக் காட்டினோம், கொட்டகையைக் காட்டினோம், கடையைக் காட்டினோம். ஒரு பந்தைக் காட்டினோமா? கால்பந்து எதற்கு என்று கேட்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

செய்ய வேண்டியது என்ன?

உளுந்தூர்பேட்டையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் நம் தோழர்கள் செய்ய வேண்டியதாக நாம் நினைப்பதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, கழகத்தைப் பெரியவர்களிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். எட்டு வயதிலிருந்து ஆரம்பியுங்கள். எட்டு வயதுக்குக் கீழ் மூன்றாம் நம்பர் பந்து, பன்னிரண்டு வரையில் நாலாம் நம்பர், அதற்கு மேல்தான் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் நம்பர். பெரிய மைதானத்தில் இருபத்திரண்டு குழந்தைகளை விட்டு ஒரு பந்தைப் போட்டால், பலமுள்ள நாலு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் வெயில் காய்வார்கள். பக்கத்துக்கு நாலு அல்லது ஐந்து பேராய்ச் சிறு கட்டத்தில் விட்டால் ஒவ்வொரு காலுக்கும் பந்து வரும். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2018-இல் ஆரம்பித்த குழந்தைகள் லீக்கின் அடிப்படையும் இதுவே. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களைத் தலையால் முட்டப் பழக்க வேண்டாம். மூளைக்குக் கெடுதி என்கிற சந்தேகத்தால் ஸ்காட்லாந்தில் 2020 முதல் அதைப் பயிற்சியில் நிறுத்தி விட்டார்கள்.

இரண்டாவது, எந்த அணியும் ஒரு தெருப் பிள்ளைகளாக மாத்திரம் இருக்கக் கூடாது. ஊர்த் தெருவும் காலனியும் கலந்தால்தான் அணி என்று விதி செய்யுங்கள். தண்ணீருக்கு ஒரே குடம், ஒரே டம்ளர். ஒருவன் உதைத்த பந்தை இன்னொருவன் நெஞ்சில் தாங்கிய பிறகு, அவன் குடித்த டம்ளரில் இவன் குடிக்க மாட்டேன் என்று சொல்லுவது அவனுக்கே வெட்கமாய்த் தோன்றும். மேடையில் நாம் நூறு கூட்டம் போட்டுச் செய்கிற காரியத்தை அந்த டம்ளர் செய்யும். கல்வராயன் மலைப் பிள்ளைகளையும் அழைத்து ஆடுங்கள். 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் கிடந்த மலை அது. அந்தப் பிள்ளைகளின் கால் வலுவாயிருந்தால் அதுவும் பிறவியில் வந்ததல்ல, பஸ் வராத ஊரில் நடந்து நடந்து வந்தது.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். தனியாக ஒரு மூலையில் அல்ல, அதே மைதானத்தில், அதே பயிற்சியாளரிடம், அதே பந்தில். வயதுக்கு வந்த பெண் கால்சட்டை போட்டுக் கொண்டு ஓடலாமா என்று கேட்பவரிடம், சப் இன்ஸ்பெக்டர் இந்துமதி ஓடினார் என்று சொல்லுங்கள். ஓடத் தெரிந்த பெண்ணுக்குத் தாலியைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபமல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியட்டும்.

நான்காவது, கழகம் யாருடைய சொந்தச் சொத்தாகவும் ஆகக் கூடாது. தலைவர் படமும் வேண்டாம், சினிமாக்காரர் படமும் வேண்டாம், ஜாதி வீரர் பெயரும் வேண்டாம். நம்மைப் போன்ற பிரசாரகர் பெயரும் வேண்டாம். ஊர்ப் பெயர் போதும். வரவு செலவை மாதம் ஒரு முறை பெற்றோர் முன் உரக்கப் படியுங்கள். நிர்வாகிகளை வருஷா வருஷம் வோட்டுப் போட்டு எடுங்கள். நன்கொடை கொடுத்தவருக்கு நன்றி சொல்லுங்கள், சாவியைக் கொடுத்து விடாதீர்கள்.

ஐந்தாவது, பழக்குகிறவர் பழகியவராக இருக்க வேண்டும். ஊரில் இரண்டு வாலிபர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியாளர் சான்றிதழுக்குப் படிக்க அனுப்புங்கள். கழகத்தின் முதல் செலவு பனியனாக இருக்கக் கூடாது, இதுவாக இருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் இன்னும் உத்தமம். பிள்ளையை அடிக்கிறவரையும், ஜாதி சொல்லித் திட்டுகிறவரையும் அன்றைக்கே நிறுத்தி விடுங்கள்.

இனி ஆட்சேபங்கள். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். தேர் இழுக்கவும், கும்பாபிஷேகத்துக்கும், ஆடி மாதத்து ஒலிபெருக்கிக்கும், வாணவேடிக்கைக்கும் எங்கே போனீர்களோ அங்கேயே போங்கள். ஒரு இரவு வானத்தில் கொளுத்துகிற பணத்துக்கு எத்தனை பந்து வரும் என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். மைதானம் எங்கே என்பார்கள். யுத்த காலத்தில் விமானம் இறங்க வேண்டுமென்று வெள்ளைக்காரன் உளுந்தூர்பேட்டையில் ஓடுதளம் போட்டபோது நிலம் கிடைத்தது. நாலு வழிச் சாலைக்கு நிலம் கிடைத்தது. பிள்ளைகள் ஓடுவதற்கு என்றால் மாத்திரம் பூமி சுருங்கி விடுமா? பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலம் திறந்து விடச் சொல்லி எழுதிக் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரி யாருக்கும் சொந்தமல்ல. படிப்புக் கெடும் என்பார்கள். வியாசர்பாடியில் பந்துதான் படிப்புக்குத் திரும்பக் கூட்டி வந்தது. படிக்காமல் பந்தாடுகிறவனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடமில்லை என்று சொல்லிப் பாருங்கள், புத்தகம் தானாய்த் திறக்கும்.

எல்லாப் பிள்ளைகளும் இந்திய அணிக்கு ஆடப் போகிறார்களா என்று கடைசியாகக் கேட்பார்கள். மாட்டார்கள். ஆயிரத்தில் ஒருவர் போனாலே அதிகம். பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள் எல்லோரும் ஜட்ஜ் ஆவதில்லை, அதற்காகப் பள்ளிக்கூடத்தை மூடி விடுகிறோமா? மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும், தோற்றால் ராகுவைச் சொல்லாமல் தன் பயிற்சியைச் சொல்லக் கற்றுக் கொள்வார்கள். ஜெயித்தால் எலுமிச்சம்பழத்துக்கு அல்லாமல், பந்தைத் தள்ளிக் கொடுத்த கூட்டாளிக்கு நன்றி சொல்லக் கற்றுக் கொள்வார்கள். அந்தக் கூட்டாளி எந்தத் தெரு என்பதை மறந்து போவார்கள். இந்த மூன்றும் ஒரு ஊரில் நடந்து விட்டால், அங்கே நம் பிரசாரத்துக்கு வேலை பாதி குறைந்து விடும். நாம் அதற்காக வருத்தப்பட மாட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டில் நாம் திரும்புகையில், பந்து பொறுக்கிய பையன் நம்மோடு ரோடு வரையில் நடந்து வந்தான். “பெரியவன் ஆனதும் டீமில் சேர்த்துக் கொள்வார்களா?” என்று கேட்டான். நாம் அவனுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை அன்று நமக்கு இல்லை. அந்தப் பதிலை உளுந்தூர்பேட்டை வட்டாரத்து வாலிபர்கள்தான் சொல்ல வேண்டும். பெரியவன் ஆகும் வரைக்கும் அவனைக் காத்திருக்கச் சொல்லாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கே, ராகு காலத்திலேயே, வேலிக்கு இந்தப் பக்கம் அவனைக் கூப்பிட்டுப் பந்தைக் காலில் போட வேண்டும் என்பதாகத் தெரிவித்துக் கொள்ளுகிறோம்.